லீலாவதி எழுதிய ஊழிக்கதை

1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, அத்தோடு உலகம் முடிந்தது என்று செஞ்சி முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. கோயில்களில் ஹோமம் ஓயவில்லை. வெளியூரில் பிழைக்கப் போனவர்கள், செத்தாலும் சொந்த ஊரில் சாவோம் என்று பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த சந்திரநாதன் மட்டும் வழக்கம்போல மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். சமண சாஸ்திரப்படி இந்தக் காலம் முடிய இன்னும் பதினெட்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கிறது, அதுவரை கடையைப் பூட்டி வைக்க முடியாது என்றார் அவர்.

அவருடைய மனைவி லீலாவதிக்கு அப்போது முப்பது வயதிருக்கும். மேல்சித்தாமூரில் பிறந்து, எட்டாவது வரை படித்து, செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கைக்குக் கிடைக்கும் பத்திரிகை எதையும் விடமாட்டாள். சிறுவயதில் அங்குள்ள சமண மடத்தில் ஊழிக்காலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். கடைசியில் நெருப்பும் விஷமும் புழுதியும் மழையாகப் பெய்யும். மலைக்குகைகளில் ஒதுங்கியவர்கள் மட்டும் தப்புவார்கள். பிறகு பாலும் நெய்யும் அமுதமுமாக நல்ல மழை வந்து பூமி குளிரும். ஒதுங்கியவர்கள் வெளியே வருவார்கள். அவள் அதை நம்பினாளா என்று யாரும் கேட்டதில்லை.

குறித்த நாள் வந்து போயிற்று. ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீராசாமிக்குத்தான் ஆயிற்று. அனந்தபுரம் போகிற வழியில் கொஞ்சம் நிலத்தில் மல்லாட்டை போட்டிருந்த அவர், பிடுங்க ஆள் இருக்கப்போவதில்லை என்று தை பிறந்ததுமே தண்ணீர் இறைப்பதை நிறுத்திவிட்டிருந்தார். பூவெடுத்திருந்த செடி நின்றவாக்கில் காய்ந்தது. அவர் மனைவி அம்மாக்கண்ணு, கூலிக்கு மல்லாட்டை உரிக்கச் சந்திரநாதன் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

லீலாவதி எழுதத் தொடங்கியதும் அந்த மாதத்தில்தான். உலகம் நிஜமாகவே முடிந்திருந்தால் செஞ்சி எப்படி இருந்திருக்கும் என்பதுதான் கதை. நெருப்பு மழை வருகிறது. ஓடி ராஜகிரிக் கோட்டை மலையில் ஏறியவர்கள் உச்சிக்கு முன்னாலுள்ள பள்ளத்தைக் கடந்து, பாலத்தை இழுத்துக்கொள்கிறார்கள். களஞ்சியத்துச் சாவி வைத்திருப்பவன் சொன்னதே சட்டமாகிறது. பச்சை என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகள் அங்கே வளர்கின்றன. கடைசியில் மழை பெய்கிறது. பாலம் இறங்குகிறது. எல்லோரும் புது உலகத்துக்கு இறங்கி வருகிறார்கள்.

மத்தியானத்தில் அம்மாக்கண்ணு உரித்துக்கொண்டிருக்க, லீலாவதி எதிரே உட்கார்ந்து படித்துக் காட்டுவாள். அம்மாக்கண்ணு கையை நிறுத்தாமல் கேட்பாள். கதை முடிந்த அன்று கடைசிவரை கேட்டுவிட்டு, முறத்தில் புடைத்து மேலோட்டைத் தள்ளினாள்.

“மல மேல ஏறினவங்கள்ல எங்க தெரு ஆளுங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?”

லீலாவதி யோசித்துப் பார்த்தாள். வியாபாரி இருந்தார், பூசாரி இருந்தார், காவல்காரன் இருந்தான், ஜமீன்தார் குடும்பமே இருந்தது. இல்லை என்றாள்.

“அப்ப எறங்கி வந்து நாத்து நடறது யாரு?”

அம்மாக்கண்ணு அதைக் கோபமாகக் கேட்கவில்லை. கதையில் விளங்காத ஓர் இடத்தைக் கேட்டதுபோலத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த கூடையை இழுத்துக்கொண்டாள்.

லீலாவதி கொஞ்ச நாள் பேனாவைத் தொடவில்லை. பிறகு பாதிக் கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். இப்போது பாலம் இழுக்கப்பட்ட பிறகு ஒருத்தி பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறாள். பாறை இடுக்கில் கிடந்து, எதையெதையோ தின்று உயிர் பிழைக்கிறாள். மழை விட்டு மலையிலிருந்து இறங்குகிறவர்கள், கீழே அடுப்புப் புகை எழும்புவதையும் ஓரிடத்தில் மண் கொத்தியிருப்பதையும் பார்க்கிறார்கள். சாவிக்காரன் அவளிடம் வந்து, இது எங்கள் ஊர் என்கிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். கதை அங்கே நின்றது.

சந்திரநாதன் படித்துவிட்டு, சரக்கு விஷயமாகப் பட்டணம் போனபோது ஒரு மாதப் பத்திரிகை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த முறை போய்வந்ததும் ஆசிரியர் சொன்னதைச் சொன்னார். கதை நன்றாக இருக்கிறதாம். ஆனால் அவ்வளவு அழிவுக்குப் பிறகு வாசகர்களுக்கு ஒரு நம்பிக்கை வேண்டும் என்றாராம்.

“கடைசியில ஒரு கொழந்த பொறந்தா போதுங்கிறாரு.”

“யாருக்குப் பொறக்கணுமாம்? மேல இருந்து வந்தவங்களுக்கா, கீழ இருந்தவளுக்கா?”

அதைத் தாம் கேட்கவில்லை என்றார் சந்திரநாதன். லீலாவதி மாற்ற மாட்டேன் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை.

கதை சில மாதங்கள் தொடர்ந்து வெளிவந்தது. கடைசிப் பகுதியில் அவள் எழுதாத அரைப் பக்கம் இருந்தது. பாறை இடுக்கில் இருந்தவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அழுகுரல் கேட்டதும் சாவிக்காரன் சாவியை மண்ணில் எறிந்து கும்பிடுகிறான். லீலாவதி இரண்டு முறை படித்தாள். அன்று சமையலில் உப்புப் போடவில்லை என்பதைச் சந்திரநாதன் சாப்பிடும்போதுதான் கண்டுபிடித்தார். அப்படியே சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் அவள் அம்மாக்கண்ணுவுக்கு இரண்டு முடிவுகளையும் படித்துக் காட்டினாள். எது தன்னுடையது என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அம்மாக்கண்ணுவுக்குப் பத்திரிகையில் வந்ததுதான் பிடித்திருந்தது.

“அவன் சாவியத் தூக்கிப் போட்டான் பாருங்க, அது நல்லா இருக்குது. இன்னொண்ணுல அவ கதி என்னாவுமோன்னு இருக்குது.”

“நெஜத்துல போடுவானா?”

“போட மாட்டான்” என்றாள் அம்மாக்கண்ணு. “அதான் கதையிலயாச்சும் போடட்டுமேன்னு சொல்றேன்.”

லீலாவதிக்கு அந்த ஆசிரியர் மேலிருந்த கோபம் குறையவில்லை. ஆனால் தான் எழுதியதே சரி என்று முந்தின நாள் இருந்த உறுதியும் இப்போது இல்லை.

அடுத்த வருஷம் வீராசாமி கிணற்றைத் தூர்வாரிச் சாகுபடி செய்தார். அம்மாக்கண்ணு உரிக்க வருவது நின்றது; சந்தை நாளில் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். லீலாவதி அதற்குப் பிறகு ஐந்தாறு கதைகள் எழுதினாள். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது முடிவில் கைவைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. மூன்றாவது பத்திரிகை ஒரு கதையை அப்படியே போட்டது. அந்த இதழைச் சந்தை நாளில் அம்மாக்கண்ணு வந்து கதையைக் கேட்கும்வரை அவள் யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை.