லிஃப்ட் அண்ணனின் புதினா

நுனியை மட்டும்தான் கிள்ளுவார். இலைகள் எதிரெதிராகப் பிரியும் கணுவுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து. கிள்ளியதை உள்ளங்கையில் கசக்கி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். பால்கனி முழுக்கத் தொட்டிகளும் பழைய பெயிண்ட் வாளிகளும், எல்லாவற்றிலும் புதினாதான்.

பக்கத்து வீட்டுக்காரர். லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில் என்பதால் குடியிருப்பில் எல்லோருக்கும் 'லிஃப்ட் அண்ணன்'. ஆனால் வீட்டுக்குப் படியேறித்தான் வருவார். "வீட்டுக்கு வந்தும் அது மூஞ்சிலயே முழிக்கணுமா?" என்பார்.

போன வருடம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, டீ, சாக்கடை எல்லாம் ஒன்றாயின. சாப்பாடு மண்ணாயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் மோட்டார் அறையில் முதுகுக்குப் பின்னால் வயர் கருகிக்கொண்டிருக்க, இவர் நிம்மதியாக நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்தவர் ஓடிவந்து மெயினை அணைத்தார். அதற்குப் பிறகு கம்பெனி அவரை ஸ்டோரில் உட்காரவைத்துவிட்டது. "மூக்கு செத்துப்போச்சு. கை மட்டும் இருந்து என்ன பண்றது?" என்று என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

தினமும் ஏதாவது ஒரு வாசனையை முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், சமையலுக்கு வாங்கிய புதினாக் கட்டிலிருந்து ஒரு தண்டை டம்ளர் தண்ணீரில் போட்டுவைத்தார். வேர் விட்டது.

முதல் செடியை லிஃப்ட் அண்ணன் பாசத்தாலேயே கொன்றார். ஊற்றிய தண்ணீரில் அழுகிப்போனது. அடுத்ததை வெயிலில் கருக்கினார். அதற்கடுத்தது பிழைத்து, தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தண்டை ஓடவிட்டு, அண்ணி வைத்திருந்த ரோஜாத் தொட்டியில் வேரூன்றியது. "இது செடி இல்லப்பா. வாடகைக்கு வந்து வீட்டையே எழுதி வாங்குற ஆளு" என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தார். கிள்ளக் கிள்ளக் கிளைக்கும், பூக்கவிட்டால் இலை வீரியம் இழக்கும், தண்டு உருண்டையாக இல்லாமல் நான்கு பட்டையாக இருக்கும். முகர முடியாத செடியை விரலால் படித்தார்.

அண்ணிக்குப் பேக்கரியில் வேலை. களைத்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கசக்கிய இலையை நீட்டுவார் இவர். "எப்படி இருக்கு?"

"இன்னிக்கு கொஞ்சம் காரமா இருக்கு" என்பார் அண்ணி. மறுநாள், "தலைவலித் தைலம் மாதிரி." இன்னொரு நாள், "பச்சத்தண்ணில மூஞ்சி கழுவின மாதிரி இருக்குங்க." ஒருநாள்கூட நேற்றுச் சொன்னதை இன்று சொன்னதில்லை.

"எப்படி அண்ணி, தினம் ஒரு வாசம் சொல்றீங்க?" என்று தனியாகக் கேட்டேன்.

"தினமும் ஒரே வாசம்தான். அப்படிச் சொல்லிட்டா நாளைக்கு நீட்ட மாட்டாரே."

இப்போது லிஃப்ட் அண்ணன் மறுபடி மோட்டார் அறையில். அன்றைக்கு மெயினை அணைத்தவர் வீட்டில் ஒரு தொட்டி புதினா, டாக்டரின் ஜன்னலில் ஒன்று, எங்கள் வீட்டில் இரண்டு. எதற்கு இவ்வளவு என்றால், "சும்மா வாங்கிக்கப்பா. மனசு நெறஞ்சிருக்கு" என்கிறார்.

மோப்பம் திரும்பிய அன்று நான் வீட்டில் இருந்தேன். கசங்கிய இலையோடு என் வாசலுக்கு வந்தார். "இது... தைலம் மாதிரியா இருக்கு?"

முகர்ந்து பார்த்து, ஆமாம் என்றேன். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "அவ சொன்னது சரியாத்தான் இருக்கு" என்றார் தரையைப் பார்த்தபடி.

கீழிருந்து அண்ணி ஏறி வந்தார். இவர் எழுந்துபோய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார்.

"விடுங்க, கையெல்லாம் வெண்ணெயும் மாவும்."

விடவில்லை. அந்த உள்ளங்கைகளில் முகத்தைப் புதைத்து, மூச்சை இழுத்தபடி நின்றுகொண்டே இருந்தார்.