லவாலில் தங்கிவிட்ட உயிர்

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலையில் முதலில் தேய்வது சப்பாத்து, அடுத்தது தைரியம். எங்கள் நகரத்துக்குப் பக்கத்து நகரமான லவாலுக்கு மெற்றோ ரயில் ஓடத் தொடங்கிய வருடம் நான் பட்டம் முடித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். அதனால் கிடைத்த வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம், என்னைவிட அம்மாவுக்குப் பயம். ஒரு சிறிய சுகாதார நிலையத்தின் தாதி ஜோசேயுடன் போய், வேறு நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வைத்தியர் சொன்னதை விளங்கப்படுத்த வேண்டும். 'கலாசாரம் தெரிந்தவள்' என்று என்னை எடுத்திருந்தார்கள். எந்தக் கலாசாரம் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இப்படி வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களே, மிச்சம் உங்களுக்கு விளங்கும்.

படம் வரைந்து காட்டியது

வாங் அம்மா ஹ்மொங் இனத்தவர். லாவோஸ் மலைப் பக்கத்திலிருந்து அகதியாக வந்து, மகள் மாயுடன் இருந்தார். பித்தப்பையில் கல். இன்னொரு தடவை வலி வந்தால் உயிருக்கே ஆபத்து, உடனே எடுக்கவேண்டும் என்று வைத்தியர் திகதியும் குறித்துவிட்டார். வாங் அம்மாதான் மாட்டேன் என்றார். நான் பித்தப்பையைப் படம் வரைந்து காட்டினேன். கத்தரிக்காய் மாதிரி வந்தது. அவர் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

பிறகு அவர் சொன்னதை மாய் பிரெஞ்சில் சொன்னாள். முந்தின மாதம் லவாலில் ஒரு கடைத்தொகுதி வாசலில் பனியில் சறுக்கி விழுந்தாராம். அடி ஒன்றும் இல்லை. ஒரு மனிதருக்குப் பல உயிர்கள் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. அவற்றில் ஒன்று அந்தப் பயத்தில் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டதாம். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. "அது இல்லாத நேரம் என்னை மயக்கிப் போட்டால், திரும்பி வாறபோது அது ஆரிட்ட வழி கேக்கும்?"

எங்கள் வீட்டுத் தீர்ப்பு

பெயர் விபரம் சொல்லாமல் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா மட்டக்களப்புக்காரி. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி அடுக்கிவிட்டு வந்து, காலை நீட்டி இருந்தார். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். நான் ஏதோ முட்டாள்தனம் செய்தது போல அவர் என்னைப் பார்த்தார். "பயந்துபோன மனிசிக்கு முதல்ல தண்ணி ஓதிக் குடுக்காம, நீங்க எல்லாரும் என்னத்துக்குகா கத்தியோட நிக்கிறீங்க?"

தானாகத் திறக்கும் கதவு

உயிரைத் திருப்பிக் கூப்பிடும் சடங்கு முடிந்தால் அம்மா சம்மதிப்பார் என்று மாய் சொன்னாள். "உயிரைக் கூட்டி வரட்டும், ஆனால் திகதியை மாற்றமாட்டேன்" என்று ஜோசே சொல்லிவிட்டார். ஒன்ராறியோவிலிருந்து பஸ் ஏறி ஒரு முதியவர் வந்தார். உயிர்களோடும் ஆவிகளோடும் பேசி வழக்குத் தீர்ப்பவர், அவர்களின் பூசாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைத்தொகுதி வாசலில், அரிசிக் கிண்ணத்தில் ஒரு முட்டை, ஊதுபத்தி, வாங் அம்மாவின் மேலங்கி எல்லாவற்றோடும் நின்று, அவர் உயிரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் கையை அசைக்கும்போதெல்லாம் கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. பிரெஞ்சில் விளக்கம் சொல்லத்தான் நான் போயிருந்தேன்.

காவலாளி வந்தார். ஹெயிட்டிக்காரர், நல்ல உயரம். "இந்த அம்மாவின் உயிர் இங்கே நின்றுவிட்டது, கூட்டிப்போக வந்திருக்கிறோம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஊதுபத்தியைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு ஒரு துளியும் இல்லை. "உயிருக்கும் இந்தக் கதவு தானாத் திறக்குமோ, இல்லாட்டி நான் பிடிச்சுக்கொண்டு நிக்கவோ?"

கதவில் பச்சை இலை

இரண்டு நாள் கழித்து இரத்த அழுத்தம் பார்க்கப் போனோம். கதவில் பச்சைக் கொப்பு ஒன்று கட்டியிருந்தது. ஜோசே தயங்கினார். நான் முதல் தடவையாகத் துணிவோடு, "எங்கள் ஆட்கள் மாவிலை கட்டினால் நல்ல காரியம் நடக்குது, வாங்கோ என்று அர்த்தம்" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன். அவர்களிடம் அதற்கு அர்த்தம், வெளியாட்கள் வரவேண்டாம் என்பது. உள்ளே, வந்த உயிரை உடம்பில் இருத்தும் சடங்கு நடந்துகொண்டிருந்தது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, ஒரு மரப் பெஞ்சில் குதிரை ஓட்டுவது போலக் குலுங்கிக்கொண்டிருந்தார் முதியவர். மாய் தலையில் கையை வைத்தாள். இனி வெளியேறவும் கூடாதாம், வந்து சேர்ந்த உயிர் எங்கள் பின்னால் போய்விடுமாம்.

ஜோசே மற்ற வீடுகளை எல்லாம் தொலைபேசியில் பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டு, கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை, அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் முதியவர் பிளந்த எருமைக் கொம்பின் பாதிகளை நிலத்தில் எறிந்து, விழுந்த விதத்தைப் பார்த்து, உயிர் தங்கச் சம்மதித்துவிட்டதென்று தலையாட்டினார். வாங் அம்மாவின் மணிக்கட்டில் எல்லோரும் வெள்ளை நூல் கட்டினார்கள். பிறகு முதியவர் என் பக்கம் திரும்பிச் சொன்னதை மாய் பிரெஞ்சில் சொன்னாள். "இந்தப் பிள்ளைக்கும் ஒண்டு கட்டுங்கோ. இதின்ரை உயிர் இன்னும் வாசலிலதான் நிண்டு யோசிக்குது."

வெட்டக் கூடாத நூல்

உயிர் வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வாங் அம்மா சாப்பிட்டார், தூங்கினார், குறித்த திகதியில் வைத்தியசாலைக்கு வந்தார். சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும் நேரம், அங்கிருந்த தாதி கத்தரிக்கோலை எடுத்தார். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது, அது விதி. உயிரைக் கட்டி வைத்திருப்பது அந்த நூல். வாங் அம்மா தள்ளுகட்டிலிலிருந்து எழும்பி, காலைக் கீழே போட்டார்.

வீட்டில் பாடமாக்கி வந்த பிரெஞ்சு எல்லாம் எனக்கு மறந்துபோனது. "வெட்டாமல், மேலே சுற்றி ஒட்ட முடியாதா?" என்று மட்டும் வந்தது. மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியர் நூலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், ஊசியை மற்றக் கையில் ஏற்றலாம் என்றார். நூலைச் சுத்தம் செய்து, மேலே பிளாஸ்ரர் சுற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வெளியே, ஒன்றும் சாப்பிடாமல், நின்ற இடத்திலேயே நின்றேன்.

கல் வெளியே வந்தது. வாங் அம்மா கண்ணைத் திறந்து, முதலில் பிளாஸ்ரரைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். மாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். "எனக்கு ஒண்டுமில்லை, அந்தப் பிள்ளையைப் பிடிச்சு இருத்துங்கோ, விழப்போகுது."

நோயாளிகளைத் தேற்றுவதுதான் இந்த வேலை என்று நேர்முகத் தேர்வில் தெளிவாகச் சொன்னார்கள், ஆனால் அதை நோயாளிகளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.