சரவெடி வாங்க வந்தவர்

இரண்டாயிரத்து நாலு வாக்கில் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றேன். யார் உள்ளே நுழைந்தாலும் சிரிக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. நாளெல்லாம் கால் கடுக்க நிற்பவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும் என்று எரிச்சலாக இருக்கும். ஆனாலும் பழகிவிட்டது.

ஒரு நாள் காலை விஸ்வநத்தத்திலிருந்து வந்த ஒருவர் சரவெடி கேட்டார். வாயெல்லாம் பல்லாக, "வீட்ல என்ன விசேசம்ணே?" என்றேன்.

"அப்பா தவறிட்டாகம்மா. மூணு மணிக்கு எடுக்கோம்."

சாவு ஊர்வலத்துக்கும் வெடி வாங்குவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. "மன்னிச்சிருங்கண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டு வெடியைக் கட்டினேன்.

"இருக்கட்டும்மா. விடிஞ்சதுலருந்து அழுத முகமாத்தான் பாக்கேன். நீ சிரிச்சது நல்லாத்தான் இருந்துச்சு."

பொட்டலத்தை நீட்டும்போது அவருக்காகச் சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது.