மேற்கு ஜன்னல் ஆணி

அந்த ஜன்னலுக்கு மேலே ஓர் ஆணி இருந்தது. அம்மாவின் பத்தேக் கைலியை நனைத்து அதில்தான் மாட்டுவேன். ஈரம் சொட்டி முடிவதற்குள் காய்ந்து விறைத்துவிடும். மறுபடி நனைப்பேன். அந்த வெயிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்தை இடித்தபோது அம்மா பக்கவாதத்தில் கிடந்தார். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அசாம் ஜாவா என்ற ஊரில் இருந்த பெரியப்பா வீட்டை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை. தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். வேலை போன பிறகும் ஆட்களை விரட்டும் குரல் மட்டும் போகவில்லை. ஜூன் மாதம் அது. பின்னறைக்குக் கூட்டிப்போய் மேற்கு ஜன்னலைத் திறந்து காட்டினார். சூரியன் வலப்பக்கம் ஒதுங்கி, பக்கத்து மாடி வீட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. "பாத்தியா, ஒரு பொட்டு வெயிலு உள்ள வராது லா" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

தீபாவளிக்கு முன்பே சூரியன் அந்த மாடி வீட்டைத் தாண்டிவிட்டது. நாளுக்கு நாள் இடப்பக்கம் நகர்ந்தது. அங்கே மறைப்பே கிடையாது, வெறும் திடல். டிசம்பரில் மழை இல்லாத நாளெல்லாம் சாயங்கால வெயில் நேராக அம்மாவின் முகத்தில் அடித்தது. கட்டிலைத் திருப்ப அறையில் இடமில்லை. தலையைத் திருப்ப அம்மாவுக்குத் தெம்பில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும்.

முன்னறையோ பூட்டிக் கிடந்தது. கோலாலம்பூரில் இருக்கும் மகன் வந்தால் படுப்பதற்காம். அந்த மகராசன் வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாலே அதிகம். வெட்கத்தை விட்டுச் சாவியைக் கேட்டேன். "உங்கம்மாவுக்குன்னு தனியா ஒரு சூரியனா அடிக்குது? கொஞ்ச மாசந்தான். தானா அந்தப் பக்கம் போயிரும். பொறுத்துக்கச் சொல்லு" என்றார். நீ நாசமாய்ப் போக என்று மனசார சபித்தேன். அவர் சொன்னபடி வெயில் போகத்தான் செய்தது. அதற்கு முன்பே, தை மாதத்தில், அம்மா போய்விட்டார்.

இப்போது அந்தக் கட்டிலில் பெரியப்பா கிடக்கிறார், கைகால் விளங்காமல். மகன் குடும்பத்தோடு வந்து முன்னறையில் ஏர்கோன் போட்டுக்கொண்டான். ஊர் வாய்க்குப் பயந்து, போன டிசம்பரில் பார்க்கப் போனேன். வெயில் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. "கண்ணு எரியுதும்மா. ஏதாச்சும் துணிய மாட்டி விடேன்" என்றார். என் தோளில் துப்பட்டா இருந்தது. ஆணியும் துருப்பிடித்து அங்கேயே இருந்தது. வயசான மனுஷன், பாவம் என்பார்கள். எனக்கு ஒரு பொட்டு இரக்கமும் வரவில்லை.

"கொஞ்ச மாசந்தான் பெரியப்பா" என்றேன். "தானா அந்தப் பக்கம் போயிரும். பொறுத்துக்குங்க."