இடப்பக்கப் பின் கதவு

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. இதில் வரும் நேரங்கள் எல்லாம் கேமராவிலிருந்தும் என் கைபேசியிலிருந்தும் எடுத்தவை. ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு மிஷின் மூலம் ரத்தம் சுத்தம் செய்யும் வேலை. ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் மையம். எட்டுப் படுக்கை, எட்டு மிஷின். காலை ஐந்தரைக்கு நான் போய் ஒவ்வொரு மிஷினாக ஓடவிட்டுக் கழுவிச் சோதித்து வைத்தால்தான் முதல் ஷிப்ட் தொடங்கும். அந்த நேரத்தில் வரவேற்பில் ஒரு சிஸ்டர் இருப்பார். மிஷினைத் தொட என்னை விட்டால் ஆள் கிடையாது.

ஒரு நாள் நான் வந்த பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. மூச்சிரைக்க மாடியேறியபோது மணி 6:10. வரவேற்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "வந்துட்டீங்களா தம்பி" என்று எழுந்து லிஃப்ட் பக்கம் போனார். பதில் சொல்லக்கூட எனக்கு நேரமில்லை. அன்று மாலையே மேனேஜர் மேடம் மெமோ கொடுத்துவிட்டார். மூன்று மெமோ வாங்கினால் வேலை காலி. அது முதல் மெமோ.

இனி பஸ்ஸை நம்பிப் பிரயோஜனமில்லை என்று இரண்டு மாதம் கழித்துப் பழைய கார் ஒன்று வாங்கினேன். வெள்ளை நிறம். கீறல் இல்லை. உள்ளே மட்டும் லேசாக ஒரு வாடை. என் வேலைச் சட்டையின் வாடைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது நாள் தொடங்கியது சனியன்.

காலை 4:50. கீழ்த்தளத்துக்கு வந்து சாவியைத் திருகினேன். செத்த சத்தம். பேட்டரி காலி. திரும்பிப் பார்த்தால் இடப்பக்கப் பின் கதவு விரல் அளவுக்குத் திறந்திருக்கிறது. ராத்திரி முழுக்க உள்விளக்கு எரிந்திருக்கிறது. நான்தான் சரியாக மூடவில்லை போல என்று என்னையே திட்டிக்கொண்டு டாக்ஸி பிடித்து ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதவு, அதே செத்த பேட்டரி. அன்று டாக்ஸியும் கிடைக்கவில்லை. இரண்டாவது மெமோ.

எங்கள் குடியிருப்பின் செயலாளரிடம் போய்க் கத்தினேன். அவர் அசரவே இல்லை. "சார், இந்த ஏரியால மூணு கார்ல கை வெச்சுட்டாங்க. இப்ப எவனும் கண்ணாடிய உடைக்கிறதில்ல. வீட்டுக்குள்ள இருக்கிற உங்க சாவியோட சிக்னலையே வாசல்ல நின்னு இழுத்துடறானாம். சாவிய தகர டப்பால போட்டு வைங்க."

பிஸ்கட் டப்பாவில் சாவியை வைத்து மூடினேன். என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அப்படியே உங்களையும் ஒரு டப்பால போட்டு மூடினா வீடு நிம்மதியா இருக்கும்."

டப்பா உதவவில்லை. மறுநாளும் கதவு திறந்திருந்தது. அதன்பிறகு தினமும் நாலு மணிக்கே இறங்கி வாட்ச்மேனோடு வண்டியைத் தள்ளிக் கிளப்பியதால்தான் மூன்றாவது மெமோ வரவில்லை. என்ன எரிச்சல் என்றால், எதுவுமே திருடு போகவில்லை. கண்ணாடியில் மாட்டிய குளிர்கண்ணாடி அப்படியே இருக்கிறது. குடை இருக்கிறது. திருடினாலாவது போலீசில் போய் ஒரு வார்த்தை சொல்லலாம். என் பேட்டரியை மட்டும் சாகடிக்க எவன் மெனக்கெட்டு வருகிறான்? வேலை போனால் பெண்ணின் கல்லூரியை நிறுத்த வேண்டியதுதான். அதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே போய்விட்டது.

மச்சானைக் கூப்பிட்டேன். மனைவியின் தம்பி. கார் பூட்டு மெக்கானிக். சாவியைத் தொலைத்தவர்களுக்குக் கதவு திறந்து கொடுப்பது அவன் பிழைப்பு. என் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். எதையோ கண்ணாடி இடுக்கில் விட்டான். நான் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டான்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான் மாமா. கார் பூட்டுங்கறது நல்லவங்களுக்கு."

வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்து கேமராப் பதிவைப் பார்த்தோம். வாட்ச்மேன் ஒருபக்கம் புலம்பிக்கொண்டே இருந்தார். "இந்த லிஃப்ட் வேற சார். தினமும் ராத்திரி ஆளே இல்லாம மூணாவது மாடிக்குப் போய் நிக்குது. ரிப்பேருக்குச் சொன்னா எவனும் வர்றதில்ல."

திங்கள் மாலை 7:06. நான் காரைப் பூட்டிவிட்டுப் போகிறேன். 7:46. காருக்குள் விளக்கு எரிகிறது. கதவு விரல் அளவு திறக்கிறது.

பக்கத்தில் ஆளே இல்லை.

செவ்வாய். பூட்டியது 8:12. திறந்தது 8:52.

புதன். 6:31. 7:11.

"டைமர் வெச்ச மாதிரி நாற்பது நிமிஷம்," என்றான் மச்சான். "வயரிங் கோளாறுதான் மாமா. லாக்கோட மோட்டார் தானா இழுத்துக்குது." சொல்லிவிட்டு ஒரு நிமிடம் யோசித்தான். "ஆனா மோட்டார் லாக்கைத்தான் எடுக்கும். கதவு திறக்கணும்னா கைப்பிடிய யாராவது இழுக்கணுமே..."

மறுநாள் வேலையிடத்தில் பார்க்கிங் பார்க்கும் அண்ணன் என்னை நிறுத்தினார். "தினமும் பின் கதவைத் திறந்து போட்டுட்டுப் போறீங்களே சார். நான்தான் மூடி வைக்கிறேன்."

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அன்று மாலையே மச்சானை உட்கார வைத்து வேலை வாங்கினேன். முதலில் வெளிக் கைப்பிடியின் கம்பியைக் கழற்றச் சொன்னேன். இனி வெளியிலிருந்து எவன் இழுத்தாலும் கதவு திறக்காது.

மறுநாள் காலையும் திறந்திருந்தது.

"அப்ப உள்ளேருந்துதான்..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"சைல்டு லாக் போடு," என்றேன். கதவின் விளிம்பில் சின்னதாக ஒரு நெம்பு இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் உள்கைப்பிடி வேலை செய்யாது. ஓடும் காரில் குழந்தைகள் கதவைத் திறந்துவிடாமல் இருக்க வைத்தது.

"மாமா, உள்ளேயும் கிடையாது, வெளியேயும் கிடையாது. மூடிட்டா அப்புறம் யாராலயும் திறக்க முடியாது. உள்ளே பூந்து பலகையக் கழட்டணும்."

"அதுதான்டா எனக்கு வேணும்."

நெம்பைத் தள்ளிவிட்டு நானே கதவை அறைந்து மூடினேன். இத்தனை நாள் கடுப்பையும் அதில் காட்டினேன்.

மச்சான் கிளம்பிவிட்டான். மாலை 7:20க்குக் காரைப் பூட்டினேன். அன்று மாடிக்குப் போக மனம் வரவில்லை. திறக்க முடியாமல் அது, அவன், எதுவாக இருந்தாலும் தவிப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

7:45. யாரும் இல்லை.

7:55. மேல் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போனார்.

7:59. குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

8:00.

டக்.

இடப்பக்கப் பின் கதவின் பூட்டு மேலே எழும்பியது. எனக்குச் சிரிப்பு வந்தது. "திற பார்க்கலாம்," என்று சத்தமாகவே சொன்னேன்.

கடக்.

உள்கைப்பிடியின் சத்தம். கதவு திறக்கவில்லை.

கடக்... கடக்...

சிரிப்பு நின்றுவிட்டது. நான் காரைச் சுற்றி வெளியில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியில் யாரும் இல்லை. இத்தனை நாளும் வெளியில் யாரும் இருந்ததில்லை.

யாரும் உள்ளே வரவில்லை. தினமும் ஏதோ ஒன்று வெளியே போயிருக்கிறது.

இன்று அதை நான் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்.

கடக் கடக் கடக் கடக்...

கார் லேசாக ஆடியது.

கண்ணாடியில் ஓர் இடம் மட்டும் வெளுத்தது. மூச்சுப் பட்ட மாதிரி... மறைந்தது... மறுபடி வெளுத்தது. ஒவ்வொரு முறையும் சின்னதாகிக்கொண்டே வந்தது.

பிறகு தட்டும் சத்தம்.

பலமாக இல்லை. தெம்பில்லாத கை.

தொப்... தொப்...

ஓடிவிடத்தான் நினைத்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தத் தட்டல்... பத்து வருடம் நோயாளிகளோடு இருந்தவன் நான். அது பயமுறுத்தத் தட்டும் தட்டல் இல்லை.

ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தேன். அது வெறுமனே ஆடியது. கம்பியைக் கழற்றச் சொன்னதே நான்தான்.

தொப்...

சாவி. பை. எந்தப் பை... பொத்தானை அழுத்தினேன். சுற்றி ஓடி வலப்பக்கப் பின் கதவைத் திறந்தேன்.

8:04.

சத்தம் நின்றது.

இருக்கையில் யாரும் இல்லை.

அந்த வாடை மட்டும் என் முகத்தைத் தாண்டிப் போனது. என் சட்டை வாடை இல்லை அது. டயாலிசிஸ் தள்ளிப்போனவர்களின் மூச்சில் வரும் வாடை. அதை நான் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள மாட்டேன்.

பின்னால் லிஃப்ட் கதவு திறந்து மூடியது. எண்கள் மாறின.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நின்றுவிட்டது.

நான் ஐந்து மாடியும் படியில் ஏறி வீட்டுக்குப் போனேன். மனைவி கேலி செய்ய வாய் திறந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில், பிற்பகல் 2:30க்குக் கீழே இறங்கிப் போய்க் காரின் பழைய சர்வீஸ் புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் முந்தைய உரிமையாளரின் எண். ஒரு பெரியவர் பேசினார். காரை வாங்கியவன் என்று சொல்லிவிட்டு, பின் கதவு தகராறு செய்கிறது, உங்களிடம் இருந்தபோதும் இப்படித்தானா என்று மட்டும் கேட்டேன்.

"இடப்பக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அந்தப் பக்கம்தான் என் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தா," என்றார்.

அவரே சொன்னார்.

"டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். புது இடம், முதல் நாள். எடை பார்க்கணும், அஞ்சரைக்கே வாங்கன்னாங்க. வழியெல்லாம் மூச்சு வாங்கினா. கீழ கார்லயே கண்ணை மூடிட்டு இருந்தா. சரி, மேல போய் சக்கர நாற்காலி கேட்டுட்டு வரலாம்னு போனேன். அந்தப் பக்கம் கார்ல கை வெக்கிறாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. இவ தனியா இருக்காளேன்னு... பூட்டிட்டுப் போனேன் தம்பி."

"சைல்டு லாக்..."

"பேத்திக்காகப் போட்டது. அது போட்டிருக்குங்கறதே மறந்து போச்சு. அப்புறம் அதை எடுத்துவிட்டுட்டேன். எடுத்து என்ன பண்றது. கைப்பிடியப் பிடிச்ச மேனிக்கே இருந்தா. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனேன். வழியிலயே முடிஞ்சு போச்சுன்னாங்க."

"நீங்க உடனே கீழ வரலையா?" கேட்டது நான்தான்.

"மிஷின் போடற தம்பி இன்னும் வரல, இதோ வந்துடுவார், நாற்காலி இருக்கிற அறைச் சாவியும் அவர்கிட்டதான், உட்காருங்கன்னு அந்த சிஸ்டர் சொன்னாங்க. உட்கார்ந்தேன். அவர் வந்ததும், நாற்காலி எடுக்கறதுக்குள்ள இவள எழுப்பிடலாம்னு எழுந்து ஓடினேன்."

"எந்த இடம்ங்க?"

வளாகத்தின் பெயரைச் சொன்னார். மூன்றாவது மாடி என்றார்.

போனை வைத்துவிட்டு மையத்துக்குத் திரும்பிப் போனேன். பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அந்தத் தேதியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. முதல் மெமோவின் தேதி எனக்கு மனப்பாடம்.

நான்காம் படுக்கை. பெண், வயது 61. புதிது. முதல் நாள்.

அதற்கு எதிரே, நான் கைப்பட எழுதியிருந்தேன்: "காத்திருந்தோம். நோயாளி வரவில்லை."