மேம்பாலத்தில் நின்ற படகு

தம்பியின் கயாக் பன்னிரண்டடி நீளம்; ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டுக்காட்டில் ஓட்டுவான். புயல் வருகிறது, படகுகளை எடுத்துப் போய்விடுங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கார் கூரையில் கவிழ்த்துப் போட்டு, முன்னும் பின்னும் நைலான் கயிற்றால் கட்டி வேளச்சேரிக்குக் கொண்டுவந்தோம்.

எங்கள் தெரு அதற்குள் காலியாகிக்கொண்டிருந்தது. பெருமழை என்றால் இங்கே எல்லோரும் முதலில் காரை மேம்பாலத்தில் ஏற்றிவிடுவார்கள். இடத்துக்குப் போட்டி. இரண்டாம் மாடியில் எங்கள் வீட்டில் அப்பா இருந்தார். மறுநாள் காலை அடையாறில் அவருக்கு டயாலிசிஸ்.

"அண்ணா, படகை இறக்கிடலாமா?" என்றான் தம்பி.

"அவிழ்த்துக்கிட்டிருந்தா இடம் போயிடும். மேலேயே இருக்கட்டும்."

காரை மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பினோம்.

மறுநாள் தெருவில் கழுத்தளவுத் தண்ணீர். காற்றும் நிற்கவில்லை. தொலைபேசியில் யாரும் கிடைக்கவில்லை. அப்பாவின் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. இரவு முழுவதும் உட்கார்ந்தே இருந்தார். மீட்புப் படகுக்காகக் காத்திருந்தோம். எங்களிடமே ஒரு படகு இருந்தது. அது ஒரு கிலோமீட்டர் தள்ளி, வெள்ளம் எட்டாத இடத்தில் பத்திரமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் தண்ணீர் மார்பளவுக்கு இறங்கியதும் இருவரும் போனோம். காற்று இழுத்த இழுப்பில் முடிச்சுகள் இறுகிக் கிடந்தன. என் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். பின்னால் ஆட்டோவை நிறுத்தியிருந்தவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், தண்ணி கீழ கீது, போட்ட மேல கட்டி வெச்சிக்கினு கீறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி அப்பாவைப் பற்றிச் சொன்னான். அவர் ஆட்டோவிலிருந்து கத்தியை எடுத்துவந்து கயிறுகளை அறுத்தார்.

"போ நைனா, சீக்கிரம் போ."

அப்பாவை நாற்காலியோடு மாடியிலிருந்து இறக்கினோம். படகில் உட்காரவைக்கும்போது, "கார் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குப்பா," என்றேன்.

தம்பி முன்னால் இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன். மேம்பாலம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அப்பாவின் கை விளிம்பிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி திரும்பிப் பார்க்காமல் இழுத்துக்கொண்டிருந்தான். நானும் தள்ளிக்கொண்டே இருந்தேன். அப்பா வழியிலேயே போய்விட்டார் என்று அடையாறு மருத்துவமனையில் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து, கொட்டிவாக்கத்தில் ஒருவர் படகை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மறுபடியும் அதைக் கூரையில் ஏற்றினோம். முன்பக்கம் தம்பி கட்டினான், பின்பக்கம் நான். முனையைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடுகிற மாதிரிதான் முடிச்சுப் போட்டேன். கிளம்புவதற்கு முன் அவன் என் பக்கம் வந்து அதை இழுத்துப் பார்த்தான். அவிழ்ந்தது.

போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். நான் அதே மாதிரி திரும்பக் கட்டினேன்.