உமிக்கரி என்று நினைத்தது

எங்கள் வீட்டில் புகையிலைக்குப் பரம எதிரி அம்மா. வங்காளத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா ஒரு சிகரெட் பிடிக்க வேண்டுமென்றால் படியிறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது வாசலிலேயே பாட்டு விழும். "இந்தக் கருமத்தை விட முடியலியா? ஒரு வைராக்கியம் வேண்டாமா மனுசனுக்கு?" என்பாள். அப்பா நேரே வாய் கொப்பளிக்கப் போவார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த புதிதில் அம்மாவுக்குப் பல்வலி. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எதிர்வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். அவர் ஒரு கறுப்புப் பொடியைக் கொடுத்து, விரலில் தொட்டு ஈறில் தேய்க்கச் சொன்னார். அதற்கு குல் என்று பெயர். அம்மா உமிக்கரியில் பல் தேய்த்து வளர்ந்தவள். பல்லுக்கு வைக்கும் கறுப்புப் பொடி வேறென்னவாக இருக்க முடியும்? ஊரிலிருந்து கொண்டுவந்த உமிக்கரி டப்பாவிலேயே அதைக் கொட்டி வைத்துக்கொண்டாள். முதல் நாள் தலை சுற்றியது. "மருந்து இறங்குதுல்லா" என்றாள். வலியும் விட்டது.

அது வறுத்துப் பொடித்த புகையிலை. காக்கிமா மறைக்கவில்லை. அந்தத் தெருவில் அது தெரியாத ஆளே கிடையாது என்பதால் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வலி போன பிறகும் பொடி போகவில்லை. காலையில் ஒருமுறை தேய்த்தவள் சாப்பாட்டுக்குப் பிறகும் தேய்த்தாள், சாயங்காலமும் தேய்த்தாள். பல் சுத்தத்தில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை என்று நாங்கள் கேலி செய்வோம். காக்கிமா வாங்கித் தரும் பொடி தீர்ந்துபோன நாளில் மட்டும் தலைவலி என்று படுத்துவிடுவாள், எல்லோர் மேலும் எரிந்து விழுவாள்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அவளுடைய கீழுதட்டின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. பல் டாக்டரிடம் போனோம். அம்மாவின் வங்காளம் காய்கறிக்காரனோடு சரி. மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. எத்தனை வருடமாகப் புகையிலை போடுகிறார் என்று டாக்டர் கேட்டார். அம்மா சிரித்தாள். பிறகு அம்மா பையில் வைத்திருந்த டப்பாவை நான் திறந்து காட்ட, டாக்டர் விளக்க, அம்மாவின் முகம் செத்துவிட்டது. இப்போதே நிறுத்தினால் திட்டு மறையலாம், நிறுத்தாவிட்டால் புற்றுநோயாகலாம் என்றார்.

வலிதான் அப்போதே போய்விட்டதே, பின் ஏன் கை டப்பாவுக்குப் போனது என்று அம்மா கேட்கச் சொன்னாள். டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். ஈறு வழியாக நிகோடின் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. அங்கே உடம்பே தயாரிக்கும் ஒரு ரசாயனம் உட்காரும் நாற்காலிகளில் இது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. உடனே டோபமைன் சுரந்து ஒரு சுகம் வருகிறது. விருந்தாளி அடிக்கடி வருவதால் மூளை இன்னும் நாற்காலிகளைப் போடுகிறது. விருந்தாளி வராத நாளில் அத்தனை நாற்காலியும் சேர்ந்து கத்துகின்றன.

"அப்போ தேடுதது நான் இல்ல, அந்த நாக்காலியா?" என்றாள் அம்மா. என் மொழிபெயர்ப்பைவிட அது நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைத்தான் முதலில் பார்த்தாள். "உங்களுக்கும் இப்படித்தான் இருந்திச்சா? தெரியாம என்னெல்லாம் பேசிட்டேன்." அப்பா, "விடுளா" என்றார். அன்று முதல் அம்மா அவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அவர் தொட்டிக்குப் பின்னால் போவதும் நிற்கவில்லை.

அம்மா அன்றே டப்பாவைக் கவிழ்த்தாள். அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பயம். குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. குக்கர் விசில் அடித்தால் அழுதாள். கை தானாக அலமாரிக்குப் போகும். போன கையை அவளே இழுத்துக்கொண்டு ஜன்னலருகே நிற்பாள். காபி வேண்டுமா என்று கேட்டால், "கொஞ்சம் பேசாம இரு. கூட்ஸ் வண்டி போற வரைக்கும் கேட்ல நிக்கோம்லா, அந்த மாதிரி நிக்கேன்" என்பாள். மாத்திரை கிடையாது, உபதேசம் கிடையாது. என் அம்மாவைப் போல் வீரம் உள்ள மனுஷியை நான் பார்த்ததில்லை. உதட்டின் வெள்ளைத் திட்டு மெல்ல மங்கி, டாக்டரே தேடிப் பார்க்கும் அளவுக்கு ஆனது.

இரண்டாயிரங்களில் எனக்கு வங்காளத்திலேயே சால்ட் லேக்கில் வேலை, அங்கேயே வீடு. அப்பாவும் அம்மாவும் வந்து தங்கியிருந்தபோது, ஒரு காலையில் அம்மா வாஷ்பேசின் முன்னால் வெறுமனே நிற்பதைப் பார்த்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் நனைந்திருந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அந்த நாக்காலி கேக்குது."

"இன்னுமா? நீ மறந்து வருஷக்கணக்காச்சுன்னு நினைச்சேனே!"

"உங்க அப்பாவாது சிகரெட் கடைப் பக்கம் போகாம இருந்துக்கிடலாம்" என்றாள். "நான் பல்லு தேய்க்காம இருக்க முடியுமாட்டி?"

குழாயை அடைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்தாள்.